பறவை பார்க்க, மலையேற, சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: "எனக்கு அரசியலில் ஆர்வமில்லை, லீவு கிடைத்தால் வெளியே கிளம்பிவிடுவேன். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமா?"

பார்க்க வேண்டும். லீவு நாளில் நீங்கள் கிளம்பிப் போகிற இடம் அடுத்த வருஷமும் அங்கே இருக்குமா, அங்கே உங்களை விடுவார்களா, எவ்வளவு காசு கேட்பார்கள் என்பதையெல்லாம் தேர்தலில் ஜெயித்தவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். நான் திருவொற்றியூர்க்காரன், அதனால் வடசென்னையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மைதானம். 2024 அக்டோபர் கடைசியில், மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, விளையாட ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். வியாசர்பாடிப் பையன்களுக்கு 120 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள். கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தால்தான் போய்க் கேட்க முடியும். 2016 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது, எல்லாம் அதிகாரிகள் கையில்தான். அத்தனை வருஷம் கழித்து 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது சென்னையில் விழுந்த ஓட்டு 43 சதவீதம் சொச்சம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அப்புறம் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குக் குளிர்காலத்தில் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து வந்தால், சேற்றில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துவதைப் பார்க்கலாம். கூழைக்கடா வரும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும் வரும். கேமராவைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காலடியைப் பாருங்கள். சேற்றுக்கு மேல் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு இருக்கும். அது அனல்மின் நிலையத்துச் சாம்பல். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கருப்பாகக் கொத்துக் கொத்தாகக் காக்கா ஆழி. எங்கோ வெளிநாட்டுக் கடலிலிருந்து வந்த சிப்பி. அது படர்ந்த தரையில் இறால் தங்காது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் விரலைக் கிழித்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது படகு, வலை, அலையாத்திச் செடி, கூழைக்கடாவின் இறகு எல்லாம் கருப்பாகிவிட்டன. மீனவர்களே இறங்கி எண்ணெயை அள்ளினார்கள்.

இந்த ஆற்றை யார் காப்பாற்றுவது? எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகமும் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் மத்திய அரசு சம்பந்தப்பட்டவை, அதற்கு எம்பி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வனத்துறையும் மாநில அரசிடம், அதற்கு எம்எல்ஏ. குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் கவுன்சிலர். போதாததற்கு முகத்துவாரத்துக்குத் தெற்குக் கரை திருவொற்றியூர்த் தொகுதி, வடசென்னை எம்பி. வடக்கே காட்டுப்பள்ளி, பழவேற்காடு எல்லாம் பொன்னேரித் தொகுதி, திருவள்ளூர் எம்பி. ஒரே தண்ணீருக்கு இத்தனை பேர் பொறுப்பு என்றால், இரண்டு கரையிலும் கேட்கிற ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டம் 2021 சட்டமன்றத் தேர்தலில் பேசப்பட்டது, மீனவர் குப்பங்கள் அதை எதிர்த்ததால்தான். ஊர் கூடிப் பேசி ஓட்டுப் போடுகிறவர்கள் அவர்கள், அது வேட்பாளர்களுக்குத் தெரியும். பைனாகுலரோடு வருகிற நாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. நாம் சேர்ந்தால் அவர்கள் சொல்வதற்குப் பலம் கூடும். அந்த ஆற்றில் மீன் பிடிக்கிறவரும் பறவை பார்க்கிறவரும் கேட்பது ஒன்றேதான்.

மலையேற்றமும் அப்படித்தான். 2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணத்தோடு, வழிகாட்டியோடு திறந்தது. எங்களுக்குப் பக்கத்தில் பூண்டியருகே குடியம் குகைப் பாதை அதில் ஒன்று. எதைத் திறப்பது, தீக்காலத்தில் எதை மூடுவது, எவ்வளவு வாங்குவது எல்லாமே அரசின் முடிவு.

2024 மக்களவைத் தேர்தல் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று நாள் லீவு என்று ஏலகிரி, ஏற்காடு கிளம்பியவர்களை எனக்கே தெரியும். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 70 சதவீதத்தை ஒட்டி ஓட்டு விழுந்தது, வடசென்னையில் 60தான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். பழைய அட்டை கையில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (SIR) வரைவுப் பட்டியலிலிருந்து மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் போயின. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தளத்தில் பார்க்கலாம், 1950க்குப் போன் செய்தும் கேட்கலாம். பெயர் இல்லையென்றால் படிவம் 6. தண்டையார்பேட்டையிலிருந்து வேலைக்காகத் தாம்பரம் பக்கம் போய்விட்டீர்கள் என்றால் படிவம் 8. வீட்டில் தம்பி, தங்கைக்கு 17 முடிந்திருந்தால் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், 18 ஆனதும் பெயர் சேரும். 18 வயது நிறைந்ததா என்று பார்க்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்துக்கு நான்கு தகுதித் தேதி உண்டு. வேட்புமனுவுக்கான கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க மாட்டார்கள், அதனால் இந்த வாரமே பாருங்கள்.

ஓட்டுக் கேட்டுத் தெருவுக்கு வருகிறவரிடம், "எண்ணூர் ஆற்றில் சாம்பல் விழாமல் இருக்க என்ன செய்வீங்க? எங்க வார்டு மைதானம் இலவசமாவே இருக்குமா?" என்று கூட்டத்தின் நடுவிலேயே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஜெயித்த பிறகு வார்டு அலுவலகத்தில் காட்ட உதவும்.