'போரும் வாழ்வும்' நாவலில் முதல் நூறு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எப்படிப் படிப்பது?

நீங்கள் மாட்டிக்கொண்டது அன்னா பாவ்லோவ்னா வீட்டு விருந்திலாகத்தான் இருக்கும். பலரும் டால்ஸ்டாயை அங்கேதான் மூடிவைக்கிறார்கள். 1805 ஜூலை மாதம், பீட்டர்ஸ்பர்க் பிரபுக்கள் கூடிப் பாதி பிரெஞ்சில் நெப்போலியனைப் பற்றி வம்பளக்கிறார்கள். வரிசையாகப் பெயர்கள் வந்து விழுகின்றன, யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடாது. பிடிபடாவிட்டால் பரவாயில்லை. நாவலின் முக்கியப் பாத்திரமான பியரின் நிலைமையும் அங்கே அதுதான். வெளிநாட்டில் படித்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறான், எங்கே எதைப் பேசக்கூடாது என்று தெரியாமல் உளறுகிறான். அவன் பின்னாலேயே போங்கள்.

பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். பியர், ரஸ்தோவ் குடும்பம், பல்கோன்ஸ்கி குடும்பம், இவ்வளவு போதும். பியரைத் திடீரென்று 'பியோத்தர் கிரீலவிச்' என்று யாராவது கூப்பிட்டால் புது ஆள் என்று பயப்பட வேண்டாம். பின்னால் வருவது அப்பா பெயரிலிருந்து வந்தது, மரியாதைக்குச் சேர்ப்பது.

நாவல் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை, ரஷ்யப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதும் ஷோன்கிராபன் சண்டை வரை போய்விட்டு முடிவு செய்யுங்கள். வீரசாகசக் கனவோடு போன நிக்கோலாய் ரஸ்தோவ், குதிரை அடிபட்டுக் கீழே விழுகிறான். எதிரே பிரெஞ்சுக்காரர்கள் ஓடிவருகிறார்கள். என்னைக் கொல்லவா வருகிறார்கள், எல்லோருக்கும் இவ்வளவு பிரியமான என்னையா என்று அவனுக்கு நம்பவே முடியவில்லை! கையிலிருக்கும் துப்பாக்கியைச் சுடத் தோன்றாமல், அதையே தூக்கி எறிந்துவிட்டு முயல் மாதிரி ஓடுகிறான். போரைப் பற்றி இதைவிட உண்மையான பக்கங்களை நான் படித்ததில்லை. இதுவும் உங்களை இழுக்கவில்லை என்றால், சரி, தாராளமாக வைத்துவிடுங்கள். பரீட்சையா என்ன?

அப்புறம், பின்பகுதியில் டால்ஸ்டாய் கதையை நிறுத்திவிட்டு வரலாறு எப்படி இயங்குகிறது என்று பாடம் எடுக்க ஆரம்பிப்பார். சலித்தால் தாண்டுங்கள், பாவமில்லை. 1873 பதிப்பில் அவரே அந்தக் கட்டுரைப் பகுதிகளில் பலவற்றைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாக வைத்தார், பிரெஞ்சில் இருந்த பேச்சுகளையும் ரஷ்ய மொழிக்கு மாற்றினார். பின்னுரையின் இரண்டாம் பாகம் முழுக்க அந்தத் தத்துவ விசாரம்தான். ரஸ்தோவ் வீட்டுப் பெண் நதாஷா, பியர் இவர்களின் கதை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது.