சுளுக்கு ரெஸ்ட் எடுத்தாலே சரியாயிடுமே, அப்புறம் பிசியோதெரபி எதுக்கு?

வலி போறது வேற, கால் பழையபடி ஆகுறது வேற, இதத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. கணுக்கால் பிசகுனா உள்ள எலும்பையும் எலும்பையும் சேத்துப் பிடிச்சிருக்குற லிகமென்ட்ங்கிற நார்ப்பட்டை இழுபடும் இல்ல கிழியும், முதல் சில நாள் வீக்கம், அப்புறம் சில வாரத்துக்கு உடம்பு கொலாஜன்ங்கிற புரதத்தால ஆன புது நாரை அங்க போட்டு ஒட்டப் பாக்கும், ஆனா அந்த நார் தாறுமாறா கிடக்கும், அளவா பாரம் குடுத்தாதான் இழு விசை வர்ற திசையில வரிசையாகும். இது முழுசா பலமாக மாசக்கணக்குல ஆகும்.

1978-ல கேப் மிர்கின்ங்கிற டாக்டர்தான் ரெஸ்ட், ஐஸ், கட்டு, கால தூக்கி வைன்னு சொன்னாரு, பின்னாடி அவரே ஐஸும் முழு ரெஸ்ட்டும் குணமாகுறத தாமதப்படுத்தலாம்னு மாத்திக்கிட்டாரு.

எனக்கு பிசகுனப்போ ரெண்டு வாரத்துல வலியே இல்ல, ஆனா தெரபிஸ்ட் கண்ண மூடி ஒத்தக்கால்ல நிக்கச் சொன்னாங்க, அடிபட்ட பாதம் வெடவெடன்னு ஆடி அஞ்சு செகண்ட்ல கீழ ஊனிட்டேன், நல்ல கால்ல அப்படி இல்ல. லிகமென்ட்ல இருக்குற உணர்வு நரம்பும் அடிபடுறதால கால் எந்த கோணத்துல இருக்குன்னு மூளைக்கு சரியா தகவல் போகாது, அதான் திரும்பத் திரும்ப அதே கால் பிசகுது. பேலன்ஸ் பயிற்சி, ரப்பர் பேண்ட கால்ல மாட்டி இழுக்குறது, அப்புறம் குதிக்கிறதுன்னு படிப்படியா போறது இதுக்காகத்தான், மசாஜ் மட்டும் செஞ்சு அனுப்புறவங்கள நம்பாதீங்க.

ஆனா அடிபட்டதும் நாலு அடிகூட எடுத்து வைக்க முடியலன்னா முதல்ல எக்ஸ்ரே எடுங்க, எலும்பு முறிஞ்சிருக்கலாம்.