மகனுக்கு செகண்ட் ஹேண்ட் கார்: ஆர்.சி. புக்கில் யார் பெயர்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது 8 மாதம் ஆகிறது. கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். தெரிந்த கார் கன்சல்டிங்கில் 2016 மாடல் கார் ஒன்று நல்ல நிலையில் வந்திருக்கிறது. இப்போதே வாங்கிவிட்டால் லைசென்ஸ் வருவதற்குள் ஓட்டிப் பழகிவிடுவான் என்று நினைக்கிறேன். “ஓனர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், பெயர் மாற்றத்தை மெதுவாகச் செய்துகொள்ளலாம்” என்கிறார் விற்பவர். சட்டப்படி என் பொறுப்பு என்ன? யார் பெயரில் வாங்குவது?

பதில்: பெயர் விஷயத்துக்கு முன்னால் அந்தப் ‘பழகுதல்’ யோசனையைக் கைவிடுங்கள். கார் ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும், காருக்கான எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கூட அதன் பிறகுதான். 16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்குள் உள்ள கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டும். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்த 199ஏ பிரிவு, வயது நிரம்பாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோரை அல்லது வண்டி உரிமையாளரைக் குற்றவாளியாகக் கொள்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவி ஆணியில் தொங்கும் வீட்டில் அது லேசான காரியமல்ல.

ஆள் நடமாட்டமில்லாத புது லே-அவுட்டில் ஓட்டினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். லே-அவுட் சாலை அதில் அடங்கும்.

18 முடிந்து எல்.எல்.ஆர். வாங்கிய பிறகு பழகுவதற்கும் நிபந்தனைகள் உண்டு. லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடிகிற இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து போன் பார்க்கும் அப்பா கணக்கில் வரமாட்டார். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’, குறைந்தது 18 செ.மீ. சதுரத்தில் இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். இந்த விதிகளை மீறினால் போவது போலீஸ் அபராதம் மட்டுமல்ல. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் விதிப்படி ஓட்டினால்தான் இன்சூரன்ஸ் பாலிசியின் ஓட்டுநர் நிபந்தனை நிறைவேறும். நிறைவேறாதபோது, அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதே தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன.

அந்த உரிமையாளர் யார்? பணம் கொடுத்தவரும் அல்ல, சாவி வைத்திருப்பவரும் அல்ல. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். விற்றுப் பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கியபோது, ஆர்.சி.யில் பெயர் மாறாததால் முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ‘மெதுவாக மாற்றலாம்’ என்பதில் முதல் ஆபத்து விற்பவருக்கு. ஆனால் நீங்களும் தப்புவதில்லை. உங்கள் பெயருக்கு வராத வண்டிக்கு, உங்கள் நஷ்டத்துக்கான கிளெய்மும் வராது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பெயரில் வாங்கி மகன் ஓட்டினால், அவன் செய்யும் விபத்துக்கான இழப்பீட்டு வழக்கில் உரிமையாளராக நீங்கள் எதிர்மனுதாரர். ஆவணங்கள் சரியாக இருந்தால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் அதைத் தாங்கும். உயிரிழப்பு, காயத்துக்கு உச்சவரம்பில்லை. பிறர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. பிரீமியத்தில் சிறு தொகை குறையும் என்று அந்த வரம்பை 6,000 ரூபாயாகச் சுருக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு பம்பருக்குக்கூடப் போதாது.

பெரும்பாலோர் கவனிக்காத ஓட்டை வேறு. 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸும் ஆர்.சி.யும் தன் பெயரில் உள்ள ‘ஓனர் டிரைவருக்கு’ மட்டும்தான். அப்பா வண்டியை ஓட்டும் மகன் அதற்குள் வரமாட்டான். தன் தவறால் அவனுக்கு ஏதும் நேர்ந்தால் தேர்ட் பார்ட்டியிலும் வழியில்லை. இரவல் வண்டி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்பது 2009 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அதனால் வண்டி உங்கள் பெயரில் இருந்தால் மகனுக்குத் தனியாக விபத்துப் பாலிசி எடுங்கள்.

என் பரிந்துரை: லைசென்ஸ் கைக்கு வரும்வரை காரை வாங்கவே வேண்டாம். அதுவரை டிரைவிங் ஸ்கூல் வண்டி போதும். அதற்குப் பிறகு முக்கியமாக ஓட்டப்போவது அவனே என்றால் அவன் பெயரிலேயே பதியுங்கள். இப்போது உங்கள் பெயருக்கு, பிறகு அவன் பெயருக்கு என இரண்டு முறை பெயர் மாற்றச் செலவும் மிச்சம்.

வாங்கும்போது முன்பணம் கொடுக்கும் முன்பே அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை இ-சலான், இன்சூரன்ஸ் தேதி, ஹெச்.பி. (வண்டி மீதான கடன்) பதிவு மூன்றையும் பாருங்கள். 2016-ல் பதிவான வண்டியின் ஆர்.சி. 2031 வரை செல்லும். எந்த மாதம் என்று ஆர்.சி.யில் பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் ஹெச்.பி. நீக்கப்படாமல் இருந்தால், வங்கிக் கடிதத்துடன் ஃபாரம் 35 கொடுத்து நீக்காமல் பெயர் மாற்றம் நகராது. விற்பவர், விற்பனையைத் தெரிவிக்கும் ஃபாரம் 29-ஐ இரண்டு பிரதிகள் தர வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பமான ஃபாரம் 30-ல் இருவர் கையெழுத்தும் வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் ஃபாரம் 28-ல் என்.ஓ.சி. (பழைய ஆர்.டி.ஓ.வின் ஆட்சேபணையின்மைச் சான்று) தேவை, இங்கு சாலை வரியும் கட்ட நேரிடும். விலை மலிவு என்று மயங்கும் முன் அதைக் கூட்டிப் பாருங்கள்.

அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் எழுதாத, தேதி போடாத ஃபாரத்தில் வாங்கிய கையெழுத்து, கன்சல்டிங்காரர் தன் பெயருக்கு மாற்றாமல் அடுத்தவருக்குத் தள்ள உதவும் தாள். உங்கள் பெயரும் தேதியும் எழுதிய பிறகு உரிமையாளர் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்து ஒத்துப்போகாமல் திரும்பி வரும் விண்ணப்பங்களில் பல இப்படிப் பிறந்தவை.

இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் 14 நாள் கெடு. தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும், சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு தானாக வராது. கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடையது. அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பழைய போனஸுடனே ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு கிளெய்ம் கேட்டால் நிறுவனம் அதைக் காட்டியே மறுக்கும்.

டெலிவரி ரசீதில் தேதியோடு நேரமும் இருக்கட்டும். என்ஜின் எண், சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதுங்கள். காலை 11 மணிக்குக் கேமராவில் விழுந்த சிக்னல் மீறல் யாருடையது என்ற சண்டை அந்த ஒரு வரியில் தீரும்.

கார் வந்த பிறகு இரண்டு விஷயத்தில் மட்டும் மகனிடம் கறாராக இருங்கள். லைசென்ஸ் இல்லாத ஹாஸ்டல் நண்பனிடம் சாவி கொடுத்தால் உரிமையாளருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வண்டியின் அமைப்பை ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. முந்தைய ஓனர் மாட்டிய சத்தமான சைலன்சரும் உங்கள் கணக்கில்தான் வரும். டெலிவரி எடுக்கும் முன்பே கழற்றி, கம்பெனி சைலன்சரை மாட்டித் தரச் சொல்லுங்கள்.