டேட்டாவை வரைபடமாகக் காட்டும் டேப்லோ மென்பொருளில் நிதியாண்டு ஃபில்டர் போட்டதும் மூன்று மாத நகரும் சராசரி மாறிவிடுகிறதே, ஏன்?

நாளைக்கு ரிவ்யூ மீட்டிங் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்த அவஸ்தையைப் பட்டவன்.

பம்புசெட் விற்கும் ஒரு கம்பெனிக்கு டாஷ்போர்டு செய்தேன். நகரும் சராசரிக்குப் போட்டது விண்டோ ஆவரேஜ் (WINDOW_AVG), மைனஸ் 2 முதல் 0 வரை. அதாவது இந்த மாதமும் முந்தைய இரண்டு மாதங்களும். ஒரு ஏரியாவின் விற்பனை பிப்ரவரியில் 50 லட்சம், மார்ச்சில் 90, ஏப்ரலில் 40, மே 44, ஜூன் 48. மார்ச் 90 எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வருஷக் கடைசியில் டார்கெட்டுக்காக டீலர் தலையில் சரக்கைக் கட்டுவது ஊரறிந்த கதை.

மீட்டிங்கில் பெரியவர் ஒருவர் 'ஏப்ரலிலிருந்து மட்டும் காட்டுப்பா' என்றார். ஃபில்டரைத் தட்டினேன். சராசரிக் கோடு 40, 42, 44 என்று அழகாக ஏறியது. ஏரியா மேனேஜருக்குக் கைதட்டல். உண்மையான கணக்கு 60, 58, 44. இறங்குமுகம்! ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

காரணம் இதுதான். சாதாரண ஃபில்டர் முதலில் வேலை செய்யும், விண்டோ கணக்கு அதற்குப் பிறகுதான் நடக்கும். மார்ச்சை ஃபில்டர் தூக்கிவிட்டால் விண்டோவைப் பொறுத்தவரை அப்படி ஒரு மாதமே கிடையாது. மூன்று மாதம் இல்லையே என்று எச்சரிக்கையும் வராது. இருப்பதைக் கூட்டி, இருக்கும் எண்ணிக்கையால் வகுத்துக் கொடுத்துவிடும். ஏப்ரலுக்கு ஏப்ரலே சராசரி.

அந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள். லுக்அப் (LOOKUP) ஃபங்ஷனுக்குள் மின் (MIN) போட்டு ஆர்டர் தேதியைக் கொடுத்து, நகர்வு 0 என்று ஒரு ஃபீல்டு செய்து, அதை ஃபில்டராக வையுங்கள். அதுவும் விண்டோ ஆவரேஜ் மாதிரி டேபிள் கால்குலேஷன், அதாவது ஃபில்டருக்குப் பிறகு மிஞ்சிய அட்டவணையின் மேல் போடும் கணக்கு என்பதால் கடைசியில்தான் ஓடும். கணக்கு முடிந்த பிறகு பழைய மாதங்களைக் கண்ணிலிருந்து மட்டும் மறைக்கும். அவசரத்துக்கு மாதத் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'ஹைட்' கொடுத்தாலும் போதும். 'எக்ஸ்க்ளூட்' கொடுத்தீர்களோ, பழைய குருடி கதைதான்.

இன்னொன்று, கணக்கு எதன் வழியாக நகர வேண்டும் என்று சொல்லும் 'கம்ப்யூட் யூசிங்'கில் மாதத்தை மட்டும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் யாராவது மாதத்தை வரிசைக்கு இழுத்த அன்றைக்கு ஏப்ரல், மே, ஜூன் என்று போக வேண்டிய சராசரி கோவை, மதுரை, சேலம் என்று போய்க்கொண்டிருக்கும். டேட்டாவின் முதல் இரண்டு மாதத்துக்கு முழு மூன்று மாதம் கிடைக்காது; இன்டெக்ஸ் (INDEX, மாதத்தின் வரிசை எண்) 3க்குக் குறைந்தால் காலியாக விட்டுவிடலாம்.

'இதையெல்லாம் டேட்டாபேஸிலேயே எஸ்க்யூஎல்லில் (டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழி) போட்டிருக்கலாமே' என்று கீழே கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. அந்தக் கம்பெனியில் எனக்குக் கிடைத்தது வாராவாரம் மெயிலில் வரும் எக்ஸெல் ஷீட்தான்.

மறுநாள் திருத்திக் காட்டியபோது யாரும் பாராட்டவில்லை. 'நேத்து ஒண்ணு காட்டினே, இன்னைக்கு ஒண்ணு காட்டுறே' என்று எனக்குத்தான் பாட்டு. ஏரியா மேனேஜர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனைக்கும் லைசென்ஸுக்குப் பணம் கட்டிய அந்த டாஷ்போர்டை அங்கே ஒருவரும் திறப்பதில்லை. திங்கட்கிழமைதோறும் நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அதற்கும் 'எழுத்து சின்னதா இருக்கு தம்பி' என்று பதில் வரும்.