வாசகர் கேள்வி – பதில்: புறநகரில் ஒரு மாலைக் கச்சேரி

தைப்பொங்கலுக்குப் பின்னர் கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் இசை நிகழ்ச்சி நடத்துவது பற்றி வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கனடாவில் ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் வசிக்கும் என் அக்கா, கோடை காலத்தில் அங்குள்ள பூங்காக்களில் இலவச இசை நிகழ்ச்சிகள் நடைபெறுவதாகவும், மடக்குக் கதிரையைக் கொண்டுபோய்ப் புல்தரையில் போட்டிருந்து கேட்கலாம் என்றும் சொல்கிறார். எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்தவர்களும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் அப்படியொன்றைத் தொடங்க விரும்புகிறோம். சரிவருமா?
— வாசகி, தெஹிவளை

பதில்: தொடங்குங்கள், ஆனால் அந்த மாதங்களில் வேண்டாம். ரொறன்ரோப் பகுதியில் யூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைய ஏறத்தாழ இரவு 9 மணியாகிவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனாலும் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும். மாதக்கணக்கில் குளிருக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அது வெளியே இருக்கக் கிடைக்கும் காலம். கொழும்பிலோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே பொழுது பட்டுவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று; மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர இடிமழை. ஆண்டில் மழை மிகக் குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும்தான். ஆகவே தைப்பொங்கல் தொடங்கிச் சிவராத்திரி வரையான காலமே நமக்குத் திறந்தவெளிக் கச்சேரிக் காலம். ஆடிவேல் தேர்த் திருவிழாவுக்கு மழையிலும் சனம் திரளும் என்பது உண்மைதான். தேர் நனையலாம், ஒலிபெருக்கி நனையக் கூடாது.

உங்கள் அக்கா சொன்னதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒழுங்குமுறையைத்தான். அங்கே நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வாரத்தின் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. இந்த வாரம் யார் பாடுகிறார் என்று தெரியாதவர்கூடப் பழக்கத்தில் அந்தப் பக்கம் நடந்து போவார். நாமோ ஆண்டுக்கு ஒருமுறை பெரிய மேடை போட்டு, எட்டுப் பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, இசை தொடங்கும்போது எட்டரை மணியாக்கிவிடுகிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறரை முதல் எட்டரை வரை, பேச்சில்லாமல் இரண்டு மணி நேர இசை என்று வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் வயலின் கற்பிக்கிறேன். பொது நிகழ்ச்சிகளுக்கு அழைப்பவர்கள், “சனத்துக்கு இலவச நிகழ்ச்சிதானே, உங்களுக்கும் ஒரு மேடை கிடைக்கிறது” என்று சொல்லிப் பணத்தைப் பற்றிப் பேசாமலே போய்விடுகிறார்கள். கேட்பது அழகில்லையா?
— வாசகி, வத்தளை

பதில்: கேட்பதில் அழகுக்கு என்ன குறை, அம்மா? கேட்பவருக்கு இலவசம் என்பதற்காக வாசிப்பவருக்கும் இலவசமாக வேண்டுமென்ற சட்டம் எங்கும் இல்லை. வட அமெரிக்கப் பூங்காக் கச்சேரிகளைப் பலர் மாநகர சபையின் தாராள மனத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அதற்குள் ஒரு தொழிற்சங்கப் போராட்டத்தின் கதையும் இருக்கிறது. இசைத்தட்டும் வானொலியும் பெருகியபோது, ஒரு முறை பதிவுசெய்த வாசிப்பை ஆயிரம் இடங்களில் ஒலிக்கவிட்டு, அந்த ஆயிரம் இடங்களிலும் இசைக்கலைஞருக்கு இருந்த வேலையை இல்லாமலாக்கிவிட்டார்கள் என்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் வாதிட்டது. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் 1942 ஓகஸ்ட் 1 முதல் அதன் உறுப்பினர்கள் இசைத்தட்டுப் பதிவுக்கு வாசிக்க மறுத்தார்கள். டெக்கா இசைத்தட்டு நிறுவனம் 1943இல் இணங்கியது, ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தடித்துப் பின்னர் இணங்கின. விற்பனையாகும் இசைத்தட்டுகளைக் கணக்கிட்டு நிறுவனங்கள் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும், அந்தப் பணத்தில் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்துப் பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்த வேண்டும் என்பதே உடன்பாடு. 1948இல் அந்த நிதி தனியான அறக்கட்டளையாக அமைக்கப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பூங்காக்களில், முதியோர் இல்லங்களில், பாடசாலைகளில் எத்தனையோ இலவச நிகழ்ச்சிகளுக்கு இந்த நிதி பங்களித்திருக்கிறது.

நம்மிடம் அப்படியொரு நிதி இல்லாவிட்டாலும் வழி இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் உபயகாரர், அதாவது அன்றைய செலவை ஏற்பவர், ஒவ்வொரு நாளுக்கும் பொறுப்பெடுத்ததால்தான் அளவெட்டியிலும் இணுவிலிலும் நாதஸ்வர, தவில் பரம்பரைகள் அதையே தொழிலாகக் கொண்டு வாழ முடிந்தது. வீதியில் நின்று விடிய விடியக் கேட்ட எவரும் டிக்கெட் வாங்கவில்லை. ஆனாலும் மேளகாரருக்குக் கூலி உண்டு. அதே உபய முறையை உங்கள் பகுதிக் கடைக்காரர்களிடமும் தொடர்மாடி நிர்வாகக் குழுக்களிடமும் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்த பல நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் முற்பணம் போய்விடுகிறது. மிருதங்கக்காரர் மட்டும் கச்சேரி முடிந்தபின் பொன்னாடையும் கையுமாக, கடித உறையோடு யாராவது வருவார்களா என்று மேடையோரம் நின்றுகொண்டிருப்பார். தொகையையும் கொடுக்கும் நாளையும் அழைப்பு வந்தவுடனேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கவாத்தியக்காரருக்கும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: திறந்தவெளியில் நடத்த யாரிடம் அனுமதி பெற வேண்டும்? இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடக் கூடாது என்கிறார்களே?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மைதானமோ பூங்காவோ மாநகர சபைக்கோ நகர சபைக்கோ சொந்தமானால் முதலில் அவர்களிடம் இடத்துக்கான அனுமதி பெறுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்ற எல்லை, வெலிகமை பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2007இல் வழங்கிய தீர்ப்பினால் வந்தது. அயலவரின் நிம்மதிக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டென்று அது வலியுறுத்தியது. உங்கள் அனுமதிப்பத்திரத்தில் எந்த நேரம் எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே உங்களைக் கட்டுப்படுத்தும். நான் சொல்வேன், ஒன்பதுக்கே முடித்துவிடுங்கள். டிக்கெட் விற்றால் உள்ளூராட்சி சபைக்குக் களியாட்ட வரி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அனுமதியைவிட முக்கியமானது பக்கத்து வீடு. சுகமில்லாத முதியவரோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ உள்ள வீடுகளுக்கு ஒரு வாரம் முன்னதாக நேரில் போய், தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் சொல்லுங்கள். துண்டுப்பிரசுரத்தைப் படலையில் செருகிவிட்டு வருவது போதாது.

கேள்வி: சினிமாப் பாட்டு மட்டும் பாடினால்தான் சனம் வருமா? அதற்கும் காசு கட்ட வேண்டுமென்கிறார்கள்.
— வாசகர், மட்டக்குளி

பதில்: சனம் எதற்கும் வரும், இடைவெளி விடாமல் பாடினால். உரிமை விடயத்தில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டைப் பொது இடத்தில் நிகழ்த்தும் உரிமை ஆக்கியவருக்கே உரியது; அவர் மறைந்து பல பத்தாண்டுகள் வரை அது நீடிக்கும். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்கள் இன்னும் உரிமைக் காலத்துக்குள்தான் இருக்கின்றன.

கேள்வி: வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ஒரு வீணைக் கச்சேரிக்குப் போனேன். முன்வரிசையில் காது அடைத்தது; பின்வரிசையில் ஒன்றும் விளங்கவில்லை. இதற்கு மாற்று உண்டா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: உண்டு; அதற்குப் பெரிய ஒலிபெருக்கி தேவையில்லை. சுவர் இல்லாத வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மேடையோரத்து ஒலிபெருக்கியிலிருந்து 4 மீற்றரில் 94 டெசிபல் என்றால், 32 மீற்றரில் 76தான். பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டினால் முன்வரிசைக்காரர் பாடு திண்டாட்டம்தான். மேடையில் சத்தத்தைக் குறைத்து, சனத்துக்கு நடுவில் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளை வைத்து, மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து கேட்கும்படி அவற்றின் ஒலியைச் சற்றுத் தாமதித்து விடுவதே முறை. 20 மீற்றருக்குத் தாமதம் ஏறத்தாழ 60 மில்லிவிநாடி. இதை அமைக்கத் தெரியாதவரை ஒலியமைப்பாளர் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடற்கரையோரத்தில் மேடையைத் தரைப்பக்கம் போட்டு, ஒலிபெருக்கிகளைக் கடலை நோக்கித் திருப்புங்கள். மாலையில் கடற்காற்று வீசினால் எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். வீடுகளோ ஒலிபெருக்கியின் முதுகுப் பக்கம் இருக்கும். உப்பீரக் காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஆகவே பாட்டுக்குப் பாட்டு வித்துவான் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிச் சேர்ப்பதற்கு நேரம் கொடுங்கள். அதைப் பார்த்து அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடுங்கிப் பகிடி சொல்லத் தேவையில்லை. கரையோர ரயில் ஓடும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலாபனையின் நடுவே ரயில் கூவினால் அதற்கு எந்த ஒலியமைப்பாலும் மாற்றுச் செய்ய முடியாது.

கேள்வி: கைக்குழந்தையைக் கூட்டிப் போகலாமா?
— வாசகி, கல்கிசை

பதில்: போகலாம், ஒலிபெருக்கிக்கு நேரே மட்டும் இருக்காதீர்கள். 100 டெசிபல் சத்தத்தைப் பெரியவர்கள்கூட 15 நிமிடத்துக்கு மேல் தாங்குவது காதுக்கு நல்லதல்ல என்பது கணக்கு. பக்கத்திலிருப்பவரோடு பேசக் கத்த வேண்டியிருந்தால் அந்த இடம் குழந்தைக்கு உரியதல்ல. எழுந்து பின்னால் போய்விடுங்கள், அல்லது காது முழுவதையும் மூடும் குழந்தைக் காதுறை ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள்.