ஒரு நாட்டு அதிபர் நினைச்சா தனியாளா அணுகுண்டு போட முடியுமா? ரெண்டு பேர் ரெண்டு சாவி திருப்பணும்னு சொல்றது உண்மையா?

ராத்திரி ஏதோ படம் பாத்துட்டு தூக்கம் வராம கேட்டிருக்கீங்க போல. நான் ராணுவக்காரன் இல்ல, 31 வருஷம் பேங்க்ல குப்பை கொட்டினவன். உனக்கும் அணுகுண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கமெண்ட் போட வர்றவங்க முழுசா படிச்சுட்டு திட்டுங்க. ரெண்டு சாவின்னு பாத்ததும் சும்மா இருக்க முடியல.

முதல்ல கேள்விக்கு வரேன். அமெரிக்காவுல மினிட்மேன்ங்கற அணு ஏவுகணைக்கான நிலத்தடி அறையில ரெண்டு அதிகாரிங்க உக்காந்திருப்பாங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாவிய திருப்பணும், ஒருத்தரே எட்டித் திருப்ப முடியாத தூரம். சாதாரணமா இன்னொரு அறையில இருக்கற ஜோடியும் திருப்பணும். ஆனா இந்தக் கட்டுப்பாடு எல்லாம் கீழ இருக்கறவங்களுக்குத்தான். அதிபர் உத்தரவு போட்டா, அது நிஜமா அவர்கிட்ட இருந்து வந்துச்சான்னு சரிபாப்பாங்களே தவிர, வேணாம்னு சொல்ற ஓட்டு யாருக்கும் கிடையாது. 1973ல ஹெரால்ட் ஹெரிங்னு ஒரு மேஜர், உத்தரவு போடறவர் புத்தி தெளிவா இருக்காருன்னு எனக்கு எப்படித் தெரியும்னு பயிற்சி வகுப்புல கேட்டாரு, கடைசியில அவர் வேலையே போச்சு. நம்ம நாட்டுல 2003ல அறிவிச்சபடி பிரதமர் தலைமையில உள்ள அரசியல் குழு மட்டும்தான் அனுமதி தரலாம்.

இதெல்லாம் பேப்பர்ல இருக்கறது. பேப்பர்ல எங்க பிராஞ்ச்சும் பக்காதான்.

திருச்சி பக்கம் ஒரு சின்ன கிளை, நான் ஹெட் கேஷியர். ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு பூட்டு, ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு அக்கவுண்டண்ட் சார்கிட்ட, ஒருத்தர் சாவிய இன்னொருத்தர் தொடவே கூடாது. அவர் தினமும் வெளியூர்ல இருந்து பஸ்ல வர்றவரு, லேட்டாகும், பத்து மணிக்கு கவுண்டர்ல கூட்டம் கத்தும். ஒரு நாள் "சார், இதையும் நீங்களே வெச்சுக்கங்க, உங்கள நம்பாம யாரை நம்பறது"ன்னாரு. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லல. ஒன்றரை வருஷம் ரெண்டு சாவியும் என் பாக்கெட்லதான், அவர் ரிஜிஸ்டர்ல வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா கையெழுத்து போட்டுடுவாரு. 2007ல திடீர்னு ஒரு நாள் காலையில இன்ஸ்பெக்ஷன். வந்தவர் சத்தமே போடல, "இன்னொரு சாவி யார்கிட்ட?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் என் பாக்கெட்ல இருந்தே எடுத்து நீட்டினேன். ஒரு பைசா குறையல, எண்ணிப் பாத்தாங்க. ஆனாலும் சார்ஜ் ஷீட், ஒரு இன்க்ரிமெண்ட் கட்.

அந்த ஆத்திரத்துல இருந்தப்பதான் செப்டம்பர்ல பேப்பர்ல அந்தச் செய்தி. வடக்கு டகோட்டாவுல மைனாட் விமானப்படைத் தளத்துல டம்மின்னு நினைச்சு, நிஜ அணுகுண்டு மாட்டின 6 க்ரூஸ் ஏவுகணைய பி-52 குண்டுவீச்சு விமானத்துல தொங்கவிட்டு லூசியானாவுக்கு பறக்க விட்டுட்டாங்க, ஏறக்குறைய 36 மணி நேரம் அது அங்க இல்லன்னே யாருக்கும் தெரியல! உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஏவுகணையில சின்ன ஜன்னலே இருக்கு, பாக்கல. கிளம்பறதுக்கு முன்னாடி சரிபாத்த விமானக்குழு அதிகாரி ஒரு பக்க இறக்கைய மட்டும் பாத்தாரு, அந்தப் பக்கம் இருந்தது நிஜமாவே டம்மி. திருட்டும் இல்ல சதியும் இல்ல, எங்க அக்கவுண்டண்ட் சார் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்ட மாதிரிதான் நடந்திருக்கு. படிச்சப்புறம் இன்ஸ்பெக்டர திட்டறத நிறுத்திட்டேன்.

(பேங்க் சாவியும் அணுகுண்டும் ஒண்ணான்னு கேப்பீங்க. ஒண்ணுன்னு சொல்லல. 2022 மார்ச்ல நம்ம பிரம்மோஸ் ஏவுகணை ஒண்ணு தவறுதலா கிளம்பி பாகிஸ்தான்ல போய் விழுந்துச்சே, அதுல வெடிபொருள் இல்லாததால தப்பிச்சோம், விதிமுறைப்படி நடக்கலன்னு 3 அதிகாரிங்கள டிஸ்மிஸ் பண்ணினாங்க.)

மைனாட் விஷயமும், அணு ஏவுகணையோட ஃப்யூஸ (வெடிக்க வைக்கற பாகம்) தைவானுக்கு தவறுதலா மாத்தி அனுப்பின விஷயமும் சேர்ந்து 2008ல அமெரிக்க விமானப்படைச் செயலாளரும் தலைமைத் தளபதியுமே பதவி இழந்தாங்க. எங்க அக்கவுண்டண்ட் சாருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அடுத்த வருஷமே ப்ரமோஷன். அன்னிக்கு போன இன்க்ரிமெண்ட் இன்னிக்கும் என் பென்ஷன்ல இடிக்குது, அந்தப் பென்ஷனையும் ரிவைஸ் பண்ணித் தர மாட்டேங்கறாங்க, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. அதப் பத்தி யாராவது கேள்வி கேளுங்க, இதவிட பெருசா எழுதறேன்.