மண் குவளையில் தேநீர்

கேள்வி: 2021 டி20 உலகக் கோப்பையில், துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம் தொடங்குமுன் இந்திய அணியினர் நிறவெறியைக் கண்டித்து மண்டியிட்டார்கள். சமத்துவம் பேசுவது விளையாட்டு வீரர்களின் வேலையா? மைதானத்துக்குள் அரசியலைக் கொண்டுவரலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: மைதானத்துக்குள் அரசியலை முதலில் கொண்டுவந்தவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம். பல்வங்கர் பாலு, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபோது, வலைப்பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரானார். வெற்றிக்கு அவர் தேவைப்பட்டதால் புனேயின் இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு மட்டும் வெளியே மண் குவளையில் கொடுக்கப்பட்டது. அவர் வீசிய பந்தைக் கையில் பிடிக்கத் தயங்காதவர்கள், அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தார்கள். அப்போது பாலு ஒரு முழக்கமும் எழுப்பியிருக்கவில்லை. ஆனாலும் அந்த மைதானத்தில் அரசியல் இருந்தது.

1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றபோதும், பாலு நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகையவருக்கு, மதவாரியாக அணிகள் மோதிய பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை முறைப்படி வழங்கப்படவே இல்லை. 1920இல் அவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டபோது, அவருடைய தம்பிகளான விட்டலும் சிவராமும் தங்களுக்குக் கிடைத்த இடத்தை உதறிவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் விலகியதும் எழுந்த கண்டனத்துக்குப் பணிந்து, நிர்வாகிகள் பாலுவைத் துணைத் தலைவராக்கி அழைத்துக்கொண்டார்கள்; 1923இல் விட்டல் தலைவரானார், அணி கோப்பையை வென்றது. இந்திய விளையாட்டில் சமத்துவத்துக்காக நடந்த மிக முக்கியமான போராட்டங்களில் ஒன்று இது என்பது என் கருத்து. கிரிக்கெட்டை இவ்வளவு கொண்டாடும் நாட்டில் பல்வங்கர் சகோதரர்களின் பெயரைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

நீங்கள் குறிப்பிடும் மண்டியிடலை நான் வரவேற்கிறேன். ஆயினும், அணி நிர்வாகம் தெரிவித்தபடியே அவ்வாறு செய்ததாக அன்றைய தலைவர் விராட் கோலி கூறினார். மேலிடம் சொல்லிச் செய்வதற்கும், கையிலிருக்கும் வாய்ப்பைப் பணயம் வைத்துத் தாமாகச் செய்வதற்கும் உள்ள தொலைவு பெரிது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் மீதான நிறவெறிக்கு எதிராக எழுந்த இயக்கத்தை ஆதரித்து மண்டியிட்டவர்கள், நம் ஊர்ச் சாதிவெறியைப் பற்றியும் வாய் திறந்திருக்கலாம் என்பதே என் குறை.

வாய் திறந்தவர்களும் உண்டு. அதே 2021இல், டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண்ணானார் வந்தனா கட்டாரியா. சில நாட்களில் அரையிறுதியில் இந்தியா தோற்றதும், ஹரித்வார் அருகே அவருடைய வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமானதே தோல்விக்குக் காரணம் என்று ஏசியதாகக் குடும்பத்தினர் காவல்துறையில் புகார் அளித்தார்கள். அணித் தலைவி ராணி ராம்பால், இது வெட்கக்கேடு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அவரும் பேசாமல் மட்டையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்க வேண்டும் என்கிறீர்களா?